முதியோரின் மனச்சோர்வும் மருத்துவ உதவியும்

மனச்சோர்வு முதுமையின் இயல்பு அன்று. அது குணப்படுத்தக்கூடிய நோய். ஆயினும் ‘வயதானால் இப்படித்தான்’ என்னும் எண்ணம் முதியோரிடத்தும் அவர்தம் குடும்பத்தாரிடத்தும் வேரூன்றியுள்ளது.

நடுவண் சுகாதார அமைச்சகத்தின் சார்பில் 2017-18-இல் நடைபெற்ற முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 8.3 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. அந்நோய் தமக்கு இருப்பதாகக் கண்டறியப்பட்டது என்று கூறியோர் 0.8 சதவீதத்தினரே. பத்துப் பங்கில் ஒரு பங்கே வெளிப்படுகிறது எனலாம்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அச்சம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில், தமிழில் ‘பைத்தியம்’ என்றும் தெலுங்கில் ‘பிச்சி’ என்றும் வழங்கும் சொல் ஒன்றே, மனநல மருத்துவரிடம் செல்வோரைத் தடுத்துவிடும். இரண்டாவது, மனத்துயர் உடல்நோயின் உருவில் தோன்றுதல். உறக்கமின்மை, பசியின்மை, உடல்வலி, களைப்பு ஆகியவற்றையே முதியோர் எடுத்துரைப்பர், துயரைச் சொல்லார்.

ஆகவே ஊழியர் நோயின் பெயரைக் கூறித் தொடங்குதல் தகாது. உறக்கத்தையும் உணவையும் பற்றி முதலில் வினவுக. பின்னர், ‘இரண்டு வாரங்களாக மனம் சோர்ந்துள்ளதா? முன்பு விரும்பிச் செய்த செயல்களில் நாட்டம் குறைந்துள்ளதா?’ என்று கேட்க. இரண்டில் ஒன்றிற்கு ‘ஆம்’ என்பது விடையாயினும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் நன்று. தைராய்டுச் சுரப்பிக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு, சில மருந்துகளின் விளைவு ஆகியனவும் இத்தகைய சோர்வைத் தரக்கூடும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம் அவசர சிகிச்சைக்கு உரியது.

‘இவ்வுயிர் போனால் போதும்’ என்று முதியவர் கூறின், அதை வெறும் சலிப்பென்று தள்ளலாகாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. கேளாமல் விடுவதே ஆபத்து. அவரைத் தனியே விடாது உடனே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

திருப்பதியில் 1960-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

மனச்சோர்வுக்கான மருந்து பயன் தரச் சில வாரங்கள் ஆகும். இதை முன்னரே தெரிவிக்காவிடில், பயனில்லை என்று கருதிப் பலர் நிறுத்திவிடுவர். கோயில் வேண்டுதலை மறுத்துரைக்க வேண்டியதில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், மருந்தும் தொடரட்டும் என்று கூறுவதே முதியோர் மனம் ஏற்கும் வழியாகும்.