தங்கமீன் வளர்ப்போர் முதலில் நீரைப் படிக்க வேண்டும்

1990 இல் வெளியேற்றப்பட்டு, 2009 இல் யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பிய முசலி மக்களில் பலருக்குச் சிறுதொழிலே கைகொடுக்கிறது. அலங்கார மீன் விற்பனையும் அவற்றுள் ஒன்று. அதில் நான் பட்ட நட்டத்தைச் சொன்னால் உங்கள் முதல் தப்பும்.

கொழும்பிலிருந்து பொலித்தீன் பைகளில் தங்கமீன் கொண்டுவந்தேன். வழியில் ஒன்றும் சாகவில்லை. பைகளைத் திறந்து, காற்றுக் குழாய் போட்டு, எங்கள் கிணற்று நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தேன். மறுநாள் பாதி மீன்கள் மிதந்தன. நோய் என்றே நினைத்தேன். குற்றம் நான் கலந்த முறையில் இருந்தது.

மீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. நீரில் அதன் ஒரு பகுதி நச்சான அமோனியாவாகவும், மறுபகுதி அவ்வளவு தீங்கற்ற அமோனியமாகவும் இருக்கும். பங்கைத் தீர்மானிப்பவை பீ.எச். பெறுமானமும் வெப்பநிலையும். 30 பாகை செல்சியஸில் பீ.எச். 7 எனில் நச்சுப் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பீ.எச். 8 இல் அது ஏறத்தாழ 7, 8.5 இல் 20.

லீற்றருக்கு 2 மில்லிகிராம் மொத்த அமோனியா உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். பீ.எச். 7 இல் நச்சு 0.016 மில்லிகிராம்தான், 8.5 இல் 0.4. நச்சு 0.05 ஐத் தாண்டினாலே செவுள் பழுதாகத் தொடங்கும்.

மூடிய பையில் மீன் விடும் காபனீரொட்சைட்டு பீ.எச். ஐக் குறைத்து மீனைக் காத்தது. பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேறியது. எங்கள் கரையோரச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரோ காரத்தன்மை உடையது. இரண்டும் சேர்ந்து தீங்கற்றதை நஞ்சாக்கிவிட்டன.

இப்போது நான் செய்வது இதுதான். மூடிய பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துகிறேன். திறந்ததும் தாமதிக்காமல் மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டு, பை நீரைக் கொட்டிவிடுகிறேன். பீ.எச். ஐக் குறைக்கத் தேசிக்காய் பிழிவதில்லை. கடின நீரில் அது மீண்டும் ஏறிவிடும், அந்த ஏற்ற இறக்கமே மீனை வருத்தும். வடிகட்டியில் நன்மை செய்யும் பற்றீரியா வளரச் சில வாரங்கள் பொறுக்கிறேன். தீன் குறைவு, தொட்டிக்கு நிழல், கிழமைதோறும் கால்பங்கு நீர் மாற்றம்.

மீன் வாங்கமுன் அமோனியா, பீ.எச். சோதனைப் பொருட்களை வாங்குங்கள். அந்தச் சிறு செலவுதான் இத்தொழிலின் முதல் முதலீடு.