கழுவேலி

விக்கிரவாண்டியினின்று வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தை அடைகிறது. அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலை, உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற மரக்காணத்திற்குச் செல்கிறது. மரக்காணம், வானூர் ஆகிய இரு வட்டங்களிலும் பரந்து கிடக்கும் நீர்நிலையே கழுவேலி ஆகும்.

கோடையில் இதனைக் காண்போர், "இஃது உழவுக்கும் உதவாது, குடிநீருக்கும் உதவாது, வீண்நிலம்" என்று கூறுதல் கூடும். சதுப்பு நிலங்களை மக்கள் நெடுங்காலம் இவ்வாறே கருதி வந்தனர். அக்கருத்துப் பிழையானது என்பதைக் கழுவேலியின் இயல்பே உணர்த்தும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால், மேட்டுநில ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இப்பள்ளத்தை வந்தடைகிறது. கடற்புறத்திலிருந்தோ, கழியின் வழியே வங்கக் கடலின் உவர்நீர் உட்புகுகிறது. ஆதலின், ஒருபால் நன்னீரும், ஒருபால் உவர்நீரும், இடையே இரண்டும் கலந்த நீரும் காணப்படுகின்றன. நன்னீரில் சம்பங்கோரை வளர்கிறது. உவர்நீரில் வெண்கண்டல் தழைக்கிறது. மீன்கள் இங்கே குஞ்சு பொரித்துப் பெருகுகின்றன. தேங்கிய நீர் மண்ணுள் இறங்கி நிலத்தடி நீரை வளப்படுத்துகிறது.

மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு நோக்கிப் பறந்து வரும் பறவைகளுக்கு இது தங்கிச் செல்லும் சத்திரம் போன்றது. ஊசிவால் வாத்தும், கருவால் மூக்கனும், பூநாரையும் இங்கே இரை தேடுகின்றன. பல்லாயிரம் கல் பறந்து களைத்து வரும் பறவை, தான் நாடி வந்த நீர்நிலை வறண்டு கிடப்பதைக் கண்டால் எங்கே செல்லும்?

முற்காலத்தில் இப்பகுதியில் இருந்த உலர் பசுமைமாறாக் காடு அழிந்தது. வெண்கண்டல் சிறுசிறு திட்டுகளாகக் குறுகியது. ஆக்கிரமிப்பும் வேட்டையும் இடர் விளைத்தன. இந்நிலையில், 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தமிழ்நாட்டு அரசு ஏறத்தாழ 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் இது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. ஈரநிலங்களைக் காக்கும் பொருட்டு 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் பல நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அமைந்த பட்டியல் அஃது.

எனினும், அறிவிப்பினால் மட்டும் நிலம் உயிர்பெறாது. அதன் இயல்பை அறிந்து மீட்டல் வேண்டும். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் இதற்குச் சான்றாகும். அங்கே கண்டல் மரங்களை வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து பள்ளமாயிற்று. அதிற் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றவே, உப்பு மிகுந்தது. புதுக் கன்றுகள் முளைக்கவில்லை. காரணம் அறிந்த வனத்துறையினரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினர். ஓதநீர் வந்து சென்று உப்பைக் கழுவியது. பின்னர் நட்ட கன்றுகள் வேரூன்றின. முதலில் நீருக்கு வழி, பின்னரே மரம்.

கழுவேலிக்கும் இந்நெறி பொருந்தும். ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் தூர்க்காது காத்தால் நன்னீர் வந்து சேரும். கழியின் வாய் அடைபடாதிருந்தால் ஓதநீர் உலவும். சரணாலயத்தின் எல்லைக்கு அப்பால் ஏரிக்கரையைப் பேணும் உழவனும் பறவையைக் காப்பவனே ஆவான். அவன் காத்த நீர், நிலத்தடியில் ஊறி, அவன் கிணற்றையும் காக்கும்.