காற்றும் வெளியும் மனமும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

காற்று மாசு என்றவுடன் நுரையீரலே நினைவுக்கு வருகிறது. இருமலும் மூச்சுத்திணறலும் பேசப்படுகின்றன. மாசடைந்த காற்று செய்யும் மற்றொரு தீங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது மனிதரை வீட்டுக்குள் அடைக்கிறது. நடையையும் விளையாட்டையும் நிறுத்துகிறது. அதன் வழியே மனத்தையும் வாட்டுகிறது. வெளியில் தடையின்றி நடமாடுவதற்கென ஓர் இயக்கத்தையே கண்ட புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து, தூய காற்றுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குகிறது இப்பாடம்.

திசைக்கொரு பெயர்

தெற்கிலிருந்து வீசும் காற்றைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் தமிழர் பெயரிட்டனர். வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த மக்களால் காற்றை இவ்வாறு பிரித்தறிந்திருக்க இயலாது. களத்தில் நெல் தூற்றிய உழவரும், கடலில் பாய் விரித்த மீனவரும், மேய்ச்சல் நிலத்தில் நின்ற ஆயரும் காற்றை உடலால் உணர்ந்து பெயரிட்டனர். திறந்தவெளியே அவர்களுக்குப் பணியிடமாகவும் பேச்சிடமாகவும் ஆடுகளமாகவும் இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வாழ்வு இன்றும் முற்றாக மறையவில்லை. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் மீனவர்கள் காற்றின் போக்கறிந்தே கடலுக்குள் செல்கின்றனர். ஆண்டின் முதல் ஏறுதழுவல் பெரும்பாலும் இம்மாவட்டத்தின் தச்சங்குறிச்சியிலேயே நடைபெறுகிறது. வாடிவாசல், கபடிக் களம், குளக்கரை, கோயில் திடல் என ஊர் கூடும் இடங்கள் யாவும் வானத்தையே கூரையாகக் கொண்டவை.

மிதிவண்டி தந்த வெளி

திறந்தவெளி அனைவருக்கும் எளிதில் வாய்த்துவிடவில்லை. ஊரகப் பெண்கள் பலருக்கு வீடும் வயலும் கிணறுமே உலகமாக இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியை மேற்கொண்டது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைக்க ஊக்கமளித்தார். வேளாண் தொழிலாளர், கல்குவாரித் தொழிலாளர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர் எனப் பலதரப்பட்ட பெண்களும் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். 1992-ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்தனர். மாவட்டத்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஊரகப் பெண்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மிதிவண்டி ஓட்டக் கற்றதாக இதழாளர் பி. சாய்நாத், 1996-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

மிதிவண்டியால் அவர்களுக்குப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பிறர் துணை தேவைப்படவில்லை. ஆயினும், அவர்கள் பெற்ற பேறுகளுள் தலையாயது தன்னம்பிக்கையே. நினைத்தபோது வெளியே செல்லலாம், தன் வலிமையால் தொலைவைக் கடக்கலாம் என்னும் எண்ணம் மனத்தை நிமிரச் செய்தது. உடல் வெளியில் இயங்கும்போது மனமும் விரிகிறது என்பதை ஒரு மாவட்டமே கண்டுணர்ந்த நிகழ்வு அது.

கல்லும் தூசும்

புதுக்கோட்டை கடினப்பாறைகள் மிகுந்த நிலம். சித்தன்னவாசலின் ஓவியத்துக்கும் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டுக்கும் திருமயத்தின் கோட்டைக்கும் இடந்தந்தவை இந்நிலத்துப் பாறைகளே. இன்று பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, கிரஷர் எனப்படும் கல் அரவை ஆலைகளில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாறுகின்றன. வீடும் சாலையும் பாலமும் அவற்றைக் கொண்டே எழுகின்றன. இத்தொழிலால் வாழும் குடும்பங்களும் பல. எனவே கல் தொழிலை வேண்டாவென ஒரு சொல்லில் ஒதுக்கிவிட இயலாது.

எனினும், துளையிடுதல், வெடிவைத்தல், அரைத்தல், சலித்தல், ஏற்றுதல் ஆகிய ஒவ்வொரு படிநிலையிலும் தூசு எழுகிறது. தார்ப்பாய் மூடாமல் மண்சாலையில் விரையும் லாரி, ஆலையின் தூசை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. பாறைத்தூசில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் நெடுங்காலம் மூச்சோடு உட்சென்றால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உண்டாகும். அதனால் நுரையீரலில் ஏற்படும் தழும்பு மாறுவதில்லை. வராமல் தடுப்பதே வழி.

தூசு மிகுந்த சாலையோரத்தில் வாழ்வோர் சன்னலை மூடுகின்றனர். துணி உலர்த்தத் தயங்குகின்றனர். முதியோர் மாலை நடையைக் கைவிடுகின்றனர். மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவி, லாரி கடந்துபோகும்வரை கண்ணையும் மூக்கையும் பொத்தி ஓரமாக நிற்க நேர்கிறது. ஒரு தலைமுறை முயன்று பெற்ற வெளியைத் தூசு இவ்வாறு மெல்ல மெல்லப் பறித்துக்கொள்கிறது.

காற்றைக் கெடுப்பது கல்தூசு மட்டுமன்று. குப்பை எரிப்பு, வாகனப் புகை, விறகடுப்பின் புகை, விழாக்காலப் பட்டாசு ஆகியனவும் அதில் பங்கு கொள்கின்றன. 2018-ஆம் ஆண்டு போகி நாளில் எழுந்த புகை பனியோடு கலந்தமையால் சென்னை விமான நிலையத்தின் போக்குவரத்தே தடைப்பட்டது.

நுண்துகளின் வழி

காற்றில் மிதக்கும் துகள்கள் அளவால் வேறுபடுகின்றன. 10 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் சிறிய துகள்கள் பி.எம். 10 எனவும், 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் சிறியவை பி.எம். 2.5 எனவும் குறிக்கப்படுகின்றன. பின்னது மனிதத் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. பெரிய துகள்களை மூக்கின் மயிரிழைகளும் சளியும் தடுத்துவிடும். நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள்வரை செல்கின்றன. மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கடுமையாக ஓடும்போது அது பன்மடங்காகிறது; மூக்கை விடுத்து வாயாலும் மூச்சு வாங்குகிறோம். எனவே மாசு மிகுந்த நாளில் ஓடுபவர், அமர்ந்திருப்பவரைவிட மிகுதியான மாசை உட்கொள்கிறார். உடலை வளர்க்க வேண்டிய விளையாட்டே உடலுக்கு இடையூறாகும் முரண் இது.

தெரிந்து தெளிவோம்

ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு வரையறைப்படி அது 60 மைக்ரோகிராம். காற்றுத் தரக் குறியீட்டில் 0–50 நன்று, 51–100 நிறைவளிப்பது, 101–200 மிதமானது, 201–300 மோசமானது, 301–400 மிக மோசமானது, 401–500 கடுமையானது எனக் கொள்ளப்படும்.

மனத்தில் படியும் மாசு

மாசடைந்த காற்று மனத்தைத் தாக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, உடலின் வழியானது. நுண்துகள்கள் உடலில் அழற்சியைத் தூண்டுகின்றன. அவ்வழற்சி மூளையின் செயற்பாட்டையும் பாதிக்கக்கூடும். மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்தோரின் மூளைத் திசுக்களில், காற்று மாசிலிருந்து வந்திருக்கக்கூடிய மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து 2016-இல் வெளியிட்டனர். நுண்துகளுக்கு நெடுங்காலம் ஆட்படுவதற்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு காணப்படுவதைப் பல நாடுகளின் தரவுகளை ஒருங்கே நோக்கிய ஆய்வு ஒன்று 2019-இல் எடுத்துக்காட்டியது.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது வேறு. ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என நிறுவுவது வேறு. மாசு மிகுந்த இடங்களில் வறுமையும் இரைச்சலும் நெருக்கடியும் சேர்ந்தே இருப்பதுண்டு. அவற்றின் பங்கைப் பிரித்தறியும் ஆய்வுகள் தொடர்கின்றன.

இரண்டாவது வழி, வாழ்க்கை முறையின் வழியானது. இதனை உணர ஆய்வுக்கூடம் தேவையில்லை. காலை வெயில் உறக்கத்தை ஒழுங்குபடுத்துகிறது. ஓட்டமும் ஆட்டமும் மன இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. களத்தில் கிடைக்கும் நட்பு தனிமையைப் போக்குகிறது. மாசு இம்மூன்றையும் ஒருசேரப் பறிக்கிறது. வெளியே செல்ல இயலாத சிறுவர் திரையின் முன் அமர்கின்றனர், உறக்கம் தள்ளிப்போகிறது, சினம் எளிதில் எழுகிறது. 5 முதல் 17 வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால், பள்ளி செல்லும் பதின்பருவத்தினருள் ஐவரில் நால்வர்க்கு மேல் அவ்வளவு இயங்குவதில்லை என்பதை 146 நாடுகளை உள்ளடக்கி 2019-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஏற்கெனவே குறைந்துவரும் வெளியாட்டத்தை மாசும் குறைக்குமாயின் இழப்பு இரட்டிப்பாகும்.

களங்கள் அடைபட்ட நாள்கள்

இவ்விழப்பு முற்றினால் எந்நிலை வரும் என்பதைத் தலைநகர் தில்லி காட்டுகிறது. 2016 நவம்பரில் அங்கு நடைபெறவிருந்த ரஞ்சிக் கோப்பை ஆட்டம் புகைமூட்டத்தால் கைவிடப்பட்டது. 2017 டிசம்பர் 3 அன்று இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் இலங்கை வீரர்கள் முகக்கவசம் அணிந்து களத்தில் நின்றனர். ஆட்டம் இடையிடையே தடைப்பட்டது. 2024 நவம்பரில் பள்ளி வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன.

புதுக்கோட்டையின் நிலை தில்லியின் நிலையன்று. 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் இடம்பெற்றுள்ளன. புதுக்கோட்டை அதில் இல்லை. இது ஆறுதல் தரும் செய்தியே. எனினும் அத்திட்டம் நகரங்களை நோக்கியது. கல் அரவை ஆலையருகே உள்ள சிற்றூரின் தூசு அக்கணக்கில் சேர்வதில்லை. பட்டியலில் பெயர் இல்லாமையைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. காக்கும் காலம் இன்னும் கையில் உள்ளது என்றே கொள்ள வேண்டும்.

ஒளிவது தீர்வாகுமா?

மாசு மிகுந்த நாளில் வீட்டுக்குள் இருங்கள் என்பது வழக்கமான அறிவுரை. ஆஸ்துமா உள்ளோர்க்கும் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கருவுற்றோர்க்கும் அது தேவையானதே. ஆனால், அனைவராலும் அவ்வாறு இருக்க இயலுமா? குவாரியில் கல் உடைப்பவரும் சாலையோரம் கடை வைத்திருப்பவரும் போக்குவரத்துக் காவலரும் கதவை மூடிக்கொள்ள இயலாது. விறகடுப்பு எரியும் வீட்டில் உள்ளே இருப்பதும் காப்பாகாது. மாசைத் தவிர்க்கும் வாய்ப்பு வசதியுள்ளோர்க்கு மட்டுமே அமையுமாயின், அது நலவாழ்வுச் சிக்கலோடு நீதிச் சிக்கலும் ஆகிறது.

மேலும், மாசுக்கு அஞ்சி உடலியக்கத்தையே கைவிடுவது பிறிதொரு நோய்க்கு வழிவகுக்கும். மிதமான மாசுள்ள இடங்களில் நடையும் மிதிவண்டி ஓட்டுதலும் தரும் நன்மை, மாசின் தீமையைவிட மிகுதி என்றே ஆய்வுகள் கூறுகின்றன. எனவே காற்றைத் தூய்மையாக்கி வெளியை மீட்பதே நிலையான வழி.

அதற்கான வழிகள் அரியவை அல்ல. அரவை இடத்தில் நீர் தெளித்தல், தூசு எழும் பகுதிகளை மூடுதல், காற்றுத் தடுப்புச் சுவர் எழுப்புதல், ஆலையைச் சுற்றி மரம் வளர்த்தல், லாரிகளைத் தார்ப்பாயால் மூடுதல் ஆகியன தூசைப் பெரிதும் தணிக்கும். 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மேற்பார்வை அதிகாரம் வழங்கியுள்ளது. கிராமசபையில் கேள்வி எழுப்பும் உரிமை மக்களுக்கு உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இம்மாவட்டத்தின் மரங்களைப் பெருமளவில் வீழ்த்தியது. தூசை வடிகட்டும் இலைகளையும் நடப்போர்க்கு நிழலையும் மீட்டெடுக்க, சாலையோரம் வேம்பும் புங்கும் பூவரசும் நட்டு வளர்த்தல் வேண்டும்.

பள்ளிகளும் மாற்றங்களைச் செய்யலாம். வாகன நெரிசலும் புகையும் மிகுந்த நேரத்தை விடுத்து விளையாட்டு வேளையை அமைக்கலாம். புழுதி பறக்கும் திடலில் நீர் தெளிக்கலாம். வளாகத்தில் குப்பை எரிப்பதை அறவே நிறுத்தலாம். மனச்சோர்வு நீடித்தால் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தயங்காமல் பேசலாம். டெலி-மானஸ் என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14416-ஐயும் அழைக்கலாம்.

மிதிவண்டி ஓட்டக் கற்றவரிடம் ஊர் கேட்ட கேள்வி, 'பெண் வெளியே செல்லலாமா?' என்பது. அதற்கு அவர்கள் துணிவால் விடையளித்தனர். இன்றைய தலைமுறையின் முன் நிற்பது, 'வெளியே செல்லும் அளவுக்குக் காற்று தூய்மையாக உள்ளதா?' என்னும் கேள்வி. இதற்குத் தனியொருவரின் துணிவு மட்டும் விடையாகாது. ஊரும் தொழிலும் அரசும் கூடியே விடை காண வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் தூசும் புகையும் எழும் இடங்களைக் குறித்து ஒரு வாரம் உற்றுநோக்கி, நேரவாரியாக அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் வீட்டு முதியோர் இளமையில் ஆடிய வெளியாட்டங்களையும், அவை நடைபெற்ற இடங்களின் இன்றைய நிலையையும் கேட்டறிந்து எழுதுக.
3. லாரிகளைத் தார்ப்பாயால் மூடிச் செல்ல வலியுறுத்திக் கிராமசபைக்கு அளிப்பதற்குரிய மனு ஒன்றை எழுதுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக
தவறான இணையைத் தேர்ந்தெடுக்க.
அ) தெற்கு – தென்றல் ஆ) வடக்கு – வாடை இ) கிழக்கு – கோடை ஈ) மேற்கு – கோடை

குறுவினா
நுண்துகள்கள் பெரிய துகள்களைவிடத் தீங்கு மிக்கவையாவது ஏன்?

சிறுவினா
'தொடர்பு இருப்பது வேறு. காரணம் என நிறுவுவது வேறு' – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா
தூய காற்று, திறந்தவெளி, மனநலம் ஆகியவற்றின் பிணைப்பைப் புதுக்கோட்டை மாவட்டச் சூழலை முன்வைத்துத் தொகுத்து எழுதுக.