களை மெஷினை விதைக்கும் முன்னாடியே யோசிக்கணும்



போன எபிசோடுல பண்ணை ரோபோ பத்திப் பேசினப்போ, "கேமராவும் ஏஐயும் வந்தாச்சு, களை எல்லாம் இனி ஒரு பிரச்சினையே இல்ல"ன்னு கொஞ்சம் ஓவரா அளந்துட்டேன். மெல்பர்ன்ல இருந்து ஒரு தங்கை மெயில் போட்டிருந்தாங்க: "அப்போ ஊர்ல எங்க பாட்டி வயசுக்காரங்க ஏன் அண்ணா இன்னும் குனிஞ்சு களை பறிக்கறாங்க?" நியாயமான கேள்வி. பதிலைத் தேடினா அது ரோபோகிட்ட இல்ல, வரிசை இடைவெளியில இருக்கு.

மன்னார்குடி பக்கம் எங்க பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில ஒரு கோனோ வீடர் துருப்பிடிச்சுக் கிடக்கு. நீளமான கைப்பிடி, முன்னாடி பல் வச்ச ரெண்டு கூம்பு உருளை. சேத்துல தள்ளினா களையைப் பிடுங்கி அங்கேயே அமுக்கிடும். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஆனா வயல்ல நாற்றை கண்ணளவுக்கு நட்டிருந்தாங்க. ஓரிடத்தில் 12 செ.மீ., பக்கத்துல 25. வீடரைத் தள்ளினா களையோட பயிரும் போச்சு. ரெண்டு நாள்ல கொட்டகைக்கு வந்துடுச்சு.

மடகாஸ்கர்ல 1980களில் ஆன்றி தெ லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய நெல் சாகுபடி முறைதான் தமிழ்நாட்டுக்கு வந்து 'திருந்திய நெல் சாகுபடி' ஆச்சு. இளநாற்று, ஒரு குத்துக்கு ஒரே நாற்று, 22.5-க்கு 22.5 செ.மீ. சதுரம். எல்லாரும் இளநாற்றைப் பத்தியே பேசுவாங்க. எனக்குப் பிடிச்சது அந்தச் சதுரம்தான். சின்னக் கணக்கு போடுவோம். வீடர் 15 செ.மீ. அகலத்துக்கு வேலை செய்யுதுன்னு வச்சுக்கோங்க. ஒரு திசையில மட்டும் தள்ளினா, பயிர் வரிசையை ஒட்டி 7.5 செ.மீ., அதாவது மூணுல ஒரு பங்கு நிலம், தொடாமலே நிக்கும். குறுக்கேயும் ஒரு தடவை தள்ளினா மிஞ்சுறது ஒன்பதுல ஒரு பங்கு. அதே மெஷின், அதே ஆள். கையால பறிக்க வேண்டிய இடம் மூணுல ஒண்ணா சுருங்கிடுது. அதனாலதான் நடவுக்கு முன்னாடி வயல்ல மார்க்கர் உருட்டிக் கட்டம் போடறாங்க.

இப்போ விதைக்கிற கருவிக்கு வருவோம். டிரம் சீடர் முளைகட்டின விதையை 20 செ.மீ. இடைவெளியில எட்டு வரிசையா போடும். நாற்றங்கால் வேண்டாம், நடவுக்கூலி மிச்சம். ஆனா வரிசைக்குள்ள விதை தொடர்ந்து விழறதால குறுக்கே வீடர் ஓட்ட முடியாது. நடவு மெஷின்கள் பலதுல வரிசை இடைவெளி 30 செ.மீ.ன்னு ஃபிக்ஸ் பண்ணியிருக்கும், மாத்த முடியாது. குத்துக்குக் குத்து தூரம் அதைவிடக் குறைவு, அதனால அங்கேயும் பெரும்பாலும் ஒரு திசைதான். ஆக, எந்தக் கருவியில நடறோம்ங்கிற அன்னைக்கே எவ்வளவு களையைக் கையால பறிக்கப் போறோம்னு முடிவாகிடுது.

இங்க ஆஸ்திரேலியாவுல கதை வேற. ரைகிராஸ் களை மருந்துக்கு அடங்காம போறது தென் ஆஸ்திரேலியாவுல 1982லயே பதிவாச்சு. அதனால இரும்பால களையெடுக்கற யோசனை திரும்ப வருது. ஆனா ஒரு இழுபறி இருக்கு: கோதுமையை நெருக்கி விதைச்சா பயிரே நிழல் போட்டுக் களையை அடக்கும், இடைக்கொத்து ஓட்டணும்னா அகலமான வரிசை வேணும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. அகலம்னு முடிவு பண்ணினா, விதைப்பு மெஷின் 12 மீட்டர்னா கொத்தும் 12 மீட்டரா, அதே தடத்துல போகணும். ஒரே ஓட்டத்துல விழுந்த வரிசைகள் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கும். அடுத்த ஓட்டம் சேர்ற இடத்துலதான் பிசகும். அகலம் பொருந்தலைன்னா கொத்து அந்தப் பிசகின இடத்துக்கு மேலேயே ஏறி பயிரை வெட்டும். ஆர்டிகே ஜிபிஎஸ் 2 செ.மீ. துல்லியம் தரும்கிறது உண்மைதான். ஆனா பின்னாடி இழுபடற கருவி சரிவுல நழுவினா, டிராக்டர் மட்டும் நேரா போய் என்ன பிரயோஜனம்?

இன்னொரு வேடிக்கை. இந்தக் கண்டமே வருஷத்துக்கு சுமார் 7 செ.மீ. வடகிழக்கா நகருது. ஒரே சீசனுக்குள்ள அது பெரிசா தெரியாது. ஆனா போன வருஷ தாளுக்கு நடுவுல இந்த வருஷம் விதைக்க நினைச்சு, வெறும் சாட்டிலைட் திருத்தத்தை நம்பினா கோடு தள்ளிப் போயிருக்கும். சொந்த வயல்லயே பேஸ் ஸ்டேஷன் வச்சிருந்தா பிரச்சினையில்ல, அதுவும் நிலத்தோட சேர்ந்துதானே நகருது!

சிட்னி பல்கலைக்கழகம் 2014ல காட்டின 'லேடிபேர்ட்' ரோபோவும் வரிசையா நட்ட காய்கறிப் பாத்திக்குத்தான். ரிவெரினாவுல விமானத்துல தூவின நெல்வயல்ல அதை இறக்கினா, பாவம், எங்க போறதுன்னே தெரியாது.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். எங்க ஊர்ல வீடர் தள்ளினது ஆம்பளைங்க. களைக்கூலி போனது பொம்பளைங்களுக்கு. இடுப்பு வலி குறையுதுன்னு நான் பெரியம்மாகிட்ட சொன்னப்போ, "வலி குறையும் தம்பி, கூலியும் சேர்ந்து குறையுமே"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல.

பெரியப்பா இந்தச் சம்பாவுக்கு ஒரு மார்க்கர் இரவல் கேட்டு வச்சிருக்கார். கூடவே வீடருக்குக் கிரீஸ் வாங்கியிருக்கார். இந்தத் தடவை அதை யார் தள்ளப் போறாங்கன்னு வீட்டுல இன்னும் பேச்சு ஓடிட்டு இருக்கு.