தேயிலைக்குள் ஒரு துறவி

கேள்வி: தேயிலையின் அறிவியல் பெயர் கமேலியா சினென்சிஸ். யார் அந்தக் கமேலியா?
– வாசகி, ஹட்டன்

பதில்: பெண்ணல்ல, கெயோர்க் கமெல் என்ற யேசு சபைத் துறவி. மணிலாவில் மருந்தாளராக இருந்து பிலிப்பைன்ஸ் செடிகளை ஆராய்ந்தவர், 1706இல் இறந்தார். அவர் நினைவாகத் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் சூட்டியது ஜப்பானியப் பூச்செடி ஒன்றுக்குத்தான். தேயிலைக்கு 1753இல் வைத்த பெயர் தியா சினென்சிஸ். இரண்டும் ஒரே பேரினம் என்று பின்னாளில் முடிவானதும், கமெலின் பெயர் தேயிலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பாவம், தேயிலைக்காக யாரும் அவர் பெயரைச் சூட்டவில்லை!

சினென்சிஸ் என்றால் சீனத்துக்குரியது. மலையகத்தில் அசாமுக்குரிய அசாமிக்கா வகையும் அதன் கலப்புகளுமே பரவலாக இருக்கின்றன. ஆனாலும் ஊர்ப்பெயர் சீனாவேதான். தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் கிரெவில்லியா ரொபஸ்டாவிலும் ஓர் ஆள் உண்டு: சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயச் செடிப்பிரியர். ரொபஸ்டா என்றால் திடமானது.