முதல் மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியவை

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். மனசு சரியில்லை என்று முதன்முறையாக டாக்டரிடம் போய், உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் சீட்டோடு எழுந்து வருகிறவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிப்போகும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவர்கள் மாத்திரை தந்த தெம்பில் வேலைக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று தெரியாமலேயே விழுங்குகிறார்களே, அதுதான் மனதை அறுக்கிறது.

1. சீட்டு சீக்கிரம் வந்ததற்காக டாக்டரைத் திட்டாதீர்கள். வெளியே வரிசை வாசல்வரை நிற்கும். 2015-16இல் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்றது. எந்த நோய் என்பதைப் பொறுத்து கணக்கு மாறும். மனநல மருத்துவர்கள் அவ்வளவு குறைவு. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் பார்க்கிற டாக்டரே மனசுக்கும் எழுதித் தர வேண்டியிருக்கிறது. அவருக்குக் கேட்க நேரமில்லாததை நீங்களாகச் சொல்லியாக வேண்டும். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

2. "எனக்கு என்ன பிரச்சினைன்னு நினைக்கிறீங்க டாக்டர்?" இதை முதலில் கேளுங்கள். "நரம்புக்கு எழுதியிருக்கேன், போட்டுப் பாருங்க" என்பது பதில் ஆகாது. சோர்வோ எதிலும் பிடிப்பின்மையோ குறைந்தது இரண்டு வாரமாவது, அநேகமாகத் தினமும் இருந்தால்தான் மருத்துவக் கணக்கில் மனச்சோர்வு நோய் என்ற பேச்சே வரும். கணவர் இறந்த பத்தாம் நாள் அழுகை, கடன்காரர் வாசலில் நிற்கும்போது போகிற தூக்கம், நீட் முடிவுக்கு முந்தின நாள் படபடப்பு, இவற்றுக்கெல்லாம் உடனே மாத்திரை தேவைப்படுவது அபூர்வம். லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. கடுமையான சோர்வு என்றால் கதை வேறு. அங்கே மாத்திரையைத் தள்ளிப்போடுவதே தீங்கு.

3. உடம்பைப் பார்த்தார்களா? தைராய்டு குறைந்தால் மந்தம், அழுகை, அசதி. கூடினால் படபடப்பு, கை நடுக்கம். ரத்தசோகையும் ஆளைச் சுருட்டிப் போடும். சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அந்தச் சோர்வும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். "தைராய்டு டெஸ்ட் பாத்துடலாமா டாக்டர்?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

4. சீட்டை விரித்துப் பாருங்கள். எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனாசிபாம் 0.5 மில்லிகிராமும் ஒரே மாத்திரையாக வருவது நம் ஊரில் சர்வ சாதாரணம். பக்கத்தில் 0-0-1 என்று இருந்தால் இரவு ஒன்று. மாத்திரை ஒன்றுதான், உள்ளே இருக்கும் இரண்டுக்கும் குணம் வேறு.

எஸ்சிடலோபிராம் வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு முன்பே குமட்டல், தலைவலி, பரபரப்பு வந்துவிடலாம். நாலாம் நாளே "ஒத்துக்கலை" என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். தாம்பத்திய ஆர்வமும் குறையலாம். இதை எவரும் தானாகச் சொல்வதில்லை. கூச்சம் பார்க்காமல் கேளுங்கள்.

குளோனாசிபாம் அன்றிரவே தூக்கம் தரும், படபடப்பை அடக்கும். அந்தச் சுகம்தான் ஆபத்து. அல்பிரசோலாம், லோரசிபாம், டயசிபாம் எல்லாம் அதே குடும்பம். சில வாரங்களுக்கு மேல் தினமும் போட்டால் உடம்பு பழகிக்கொள்ளும். பிறகு திடீரென விட்டால் தூக்கம் போய், நடுக்கம் வந்து, சிலருக்கு வலிப்பே வந்துவிடும்.

வாக்கரைப் பிடித்தபடி எங்கள் சன்னலுக்கு வந்த ஓர் அம்மாளின் சீட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. மடித்து மடித்து நாலாகக் கிழியப் போகும் தாள், பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. மேலே அல்பிரசோலாம். கீழே வெவ்வேறு தேதியில், வெவ்வேறு கையெழுத்தில் "தொடரவும்", "தொடரவும்". கணவர் இறந்த மாதம் தொடங்கியது. ஆறு வருடம் ஓடியிருந்தது. தொடங்கிய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர்கள் எவரும் இது ஏன் இன்னும் போகிறது என்று நின்று கேட்கவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் வீட்டாருக்கு மாத்திரை மேல் சந்தேகம் வந்தது. வயதானவர்களை இந்த மருந்துகள் தள்ளாட வைக்கும், மறதியும் கொடுக்கும். "இதுல தூக்க மாத்திரை சேர்ந்திருக்கா? எத்தனை நாளைக்கு? எப்படிக் குறைச்சு நிறுத்துவீங்க?" இந்த மூன்றையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

அல்பிரசோலாமும் டயசிபாமும் 2013இல் மத்திய அரசு அறிவித்த எச்1 பட்டியலில் உள்ளவை. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிற கடை உங்களுக்கு உபகாரம் செய்வதாக நினைக்காதீர்கள்.

5. எப்போதாவது நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், அளவுமீறிப் பேசி, கண்டபடி செலவழித்து நடந்ததுண்டா? வீட்டில் வேறு யாருக்காவது? டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இருமுனை நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுகோடிக்குத் தூக்கி எறிந்துவிடக்கூடும்.

6. வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று முழுதாகச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு எஸ்சிடலோபிராம் வகை சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரையும் எஸ்சிடலோபிராமுடன் ஒத்துப்போகாது. குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் எழுதியிருந்தால், கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது என்பதை அறிந்துதான் எழுதினாரா என்று கட்டாயம் கேளுங்கள். கல்யாணம் ஆகாத பெண்தானே என்று விட்டுவிடாதீர்கள். இவை ஆண்டுக்கணக்கில் போகிற மருந்துகள்.

7. பிள்ளைக்கு 25 வயதுக்குள் என்றால் முதல் சில வாரம் கண்ணை எடுக்காதீர்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்கும்போது இளவயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் மருந்துக் குறிப்புத் தாளில் எச்சரிக்கை போட வைத்தது. 2007இல் அதை 24 வயதுவரை நீட்டியது. இதைப் படித்துப் பயந்து மருந்தை மறுக்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள், பேச்சுக் கொடுங்கள், மாத்திரை அட்டையை உங்கள் கையில் வைத்திருங்கள்.

8. கேள்வி கேட்கவே கூடாத நேரமும் உண்டு. சாகப்போகிறேன் என்கிறார், காதில் குரல் கேட்கிறது என்கிறார், நாள்கணக்கில் சாப்பாடு தண்ணீர் இல்லை என்றால் அங்கே விவாதம் வேண்டாம். அன்றைக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குக் கூட்டிப்போங்கள். சந்தேகங்களைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

9. "டாக்டரைப் போய்க் கேள்வி கேக்குறதா?" என்று தயங்காதீர்கள். என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று தெரிந்துகொள்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. சட்டத்தை அவர் முகத்தில் நீட்ட வேண்டியதில்லை. "பயமா இருக்கு டாக்டர், கொஞ்சம் சொல்லுங்க" என்றால் பெரும்பாலானவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்கள். எரிந்து விழுந்தால் இன்னொரு டாக்டரிடம் போங்கள். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, தமிழில் பேசலாம்.

10. இதையெல்லாம் படித்துவிட்டு, ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். குணமானது போல் தெரிந்த பிறகும் மனச்சோர்வு மாத்திரையை ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பலாம். நிறுத்துவதானாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் சொல்படிதான். ஒரு நோட்டில் தூக்கம், பசி, மனநிலை, பக்கவிளைவு என்று தினம் ஒரு வரி எழுதி வாருங்கள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன், அடுத்து எந்தத் தேதியில் வந்து இந்த மாத்திரை இன்னும் வேண்டுமா என்று பார்க்கப் போகிறோம் என்பதை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.