ஆஸ்பெர்ஜர் பிள்ளைகள்: பள்ளி முதல் வேலை வரை

பேச்சு தாமதமாகாமல், அறிவுத்திறன் குறையாமல், பிறரோடு பழகுவதிலும் மாற்றங்களை ஏற்பதிலும் தடுமாறும் ஆட்டிச வகைக்கு ஆஸ்பெர்ஜர் என்று பெயர். 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மனநல நோயறிதல் கையேடு இந்தத் தனிப்பெயரை நீக்கி, ஆட்டிசம் என்ற பொதுத் தலைப்பில் சேர்த்துவிட்டது. பெற்றோரிடையே பழைய பெயர்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளில் பலர் பாடத்தில் பின்தங்குவதில்லை. சிக்கலே அதுதான். மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் தடுமாற்றம் பள்ளியின் கண்ணுக்குத் திமிராகவோ, வீட்டில் கொடுத்த செல்லமாகவோ படுகிறது. பாடவேளையைவிட இடைவேளை கடினம்: யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, சிரிப்பது விளையாட்டுக்கா கேலிக்கா என்று சொல்லித்தர ஆளில்லை. வகுப்பாசிரியரிடம் பேசி, அந்த நேரத்துக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை வாங்கிக் கொடுப்பது நல்ல பலன் தரும்.

விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு ஏமாற்றம். இவர்களுக்கோ அன்றைய நாளே குலைந்துபோகும். காலையிலேயே தெரிவித்து, கால அட்டவணையில் அடித்து எழுதிக் காட்டினால் பலர் சமாளித்துவிடுவார்கள். வீட்டிலும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதைவிட ‘எட்டு மணிக்குச் சாப்பிட்டபின்’ என்பதே எடுபடும்.

தேர்வில் ‘சுருக்கமாக விடையளி’ என்றால் ஒரே சொல்லோடு நிறுத்திவிடும் பிள்ளையும் உண்டு, இரண்டு பக்கம் எழுதும் பிள்ளையும் உண்டு. ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை வரி என்று பழைய வினாத்தாள்களை வைத்துப் பழக்குவது, இன்னொரு டியூஷனைவிடப் பயன்படும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் சான்றளிக்கப்பட்டால், உயர்கல்வி, அரசு வேலை இடஒதுக்கீடு கிடைக்கும். தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம். லேசான பாதிப்புள்ளவர்கள் அந்த அளவை எட்டாமல் போவதும் உண்டு. ‘நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால்?’ என்ற பயத்தில் சான்றிதழைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் பல. பத்தாம் வகுப்புக்கு முன்பே வாங்கிவிடுவது மேல்; வெளியே காட்டுவதா வேண்டாமா என்பதை வளர்ந்த பிள்ளையே முடிவுசெய்துகொள்ளட்டும்.

வேலைக்குப் போகும் வயதில் பலரை நிறுத்துவது படிப்பல்ல, நேர்முகத் தேர்வு. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எதிலிருந்து தொடங்குவது? அதற்கு நான்கு வரி எழுதி வாய்விட்டுப் பழகலாம். செய்து காட்டிச் சேரும் பயிற்சிப் பணி இன்னும் நல்ல வழி. பேருந்து மாறுவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, மருத்துவரிடம் தானே பேசுவது ஆகியவற்றைக் கல்லூரி முடியும்வரை தள்ளிவைக்கக் கூடாது.

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகும் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். தன் பணத்தையும் கையெழுத்தையும் தானே பார்த்துக்கொள்பவருக்கு அது தேவையில்லை. சில முடிவுகளுக்கு மட்டும் துணை வேண்டுமானால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறை இருக்கிறது. அதில் முடிவு இருவரும் கலந்து எடுப்பது.